பெருசும் சிறுசும் ஒரே நடை

உடையார்பாளையத்துக்காரர் கடலைப் பார்க்க வேண்டுமென்றால் ஜெயங்கொண்டம், மீன்சுருட்டி, காட்டுமன்னார்கோயில், சிதம்பரம் எல்லாம் தாண்டிப் போக வேண்டும். ஆனால் கரைப்பறவைகள் என்று புத்தகங்கள் சொல்லும் உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் வருஷம் தவறாமல் எங்கள் ஏரிகளைத் தேடி வந்துவிடுகின்றன. ஆவணியில் முதல் உள்ளான் வந்து இறங்கும். சித்திரை கழிவதற்குள் கடைசிக் கூட்டம் வடக்கே கிளம்பிவிடும். இடையில் இருக்கும் எட்டு மாதம்தான் என் வேலைக்கான பருவம்.

20 ஆண்டுகளுக்கு மேலாக நீர்ப்பறவைகளை எண்ணி வருகிறேன். ஆய்வு மாணவர்கள் வந்தால் அவர்களுக்குக் கள உதவியாளன். சனவரி பிறந்துவிட்டால் கணக்கெடுப்புக்காரன். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஒவ்வொரு சனவரியிலும் நடக்கிறது. தமிழக வனத்துறையும் தன் பங்குக்கு நீர்நிலைகளில் பறவைகளை எண்ணுகிறது. தொலைநோக்கி, முக்காலி, நோட்டு, பென்சில், ஒரு பாட்டில் தண்ணீர், இவ்வளவுதான் என் தளவாடம். பேனா வைத்துக்கொள்வதில்லை, மார்கழிப் பனியில் நனைந்த தாளில் பேனா எழுதாது.

கொக்கும் நாரையும் எண்ணுவது எளிது. நின்ற இடத்திலேயே நிற்கும், தூரத்திலிருந்தே உருவம் தெரியும். ஆள் தடுமாறுவது உள்ளான்களிடம்தான். எல்லாம் மண்ணின் நிறம், எல்லாம் ஒரு பிடி உடம்பு, எல்லாம் சேற்றைக் குத்திக்கொண்டே நடக்கும். எங்கள் பக்கத்தில் பெரியவர்களைக் கேட்டால் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான்: உள்ளான். அந்த ஒரு பெயருக்குள் எத்தனை பறவைகள் இருக்கின்றன என்று பிரித்துச் சொல்வதுதான் என் பிழைப்பு. அந்தப் பிழைப்பை எனக்கு ஒழுங்காகக் கற்றுக்கொடுத்தது, நான் தவறான பெயரில் எழுதி வைத்த ஒரு பறவை.

அதைச் சொல்வதற்கு முன் எங்கள் ஏரிகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முந்திரிக்காடும் செம்மண் மேடுமான பூமி இது. ஆற்றுப் பாசனம் எட்டாத ஊர்களுக்கு மழைத் தண்ணீரைத் தேக்கும் ஏரிதான் கதி. பக்கத்தில் கங்கைகொண்ட சோழபுரத்தில் தலைநகரை அமைத்த ராஜேந்திர சோழனே சோழகங்கம் என்ற பேரேரியை வெட்டினான். இன்று அதைப் பொன்னேரி என்கிறோம். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரிகள் நிரம்பும். அப்போது உள்ளானுக்கு அங்கே இடம் கிடையாது. கால் முழுகும் தண்ணீரில் அது என்ன செய்யும்? ஓரத்து வயல்களிலும் குட்டைகளிலும் ஒதுங்கிக் கிடக்கும். தை பிறந்து மடை திறந்து தண்ணீர் வயலுக்குப் போகப் போக, ஏரியின் உள்வாயில் சேறு வெளியே தெரிய ஆரம்பிக்கும். தண்ணீருக்கும் காய்ந்த மண்ணுக்கும் நடுவே ஒரு முழமோ இரண்டு முழமோ அகலத்தில் பளபளவென்று ஒரு சேற்றுப் பட்டை. அதில்தான் புழு, பூச்சி, நத்தைக் குஞ்சு எல்லாம். நாளுக்கு நாள் அந்தப் பட்டை உள்நோக்கி நகரும். பறவைகளும் அதோடு நகரும். ஏரியில் தண்ணீர் குறைகிறதே என்று விவசாயி கவலைப்படுகிற அதே வாரத்தில் உள்ளானுக்கு விருந்து நடக்கும்.

அந்தச் சேற்றுப் பட்டையில் யார் எங்கே நிற்பார்கள் என்பதற்கு ஒரு முறை உண்டு. நெடுங்கால் உள்ளான் முழங்கால் தண்ணீரில் நிற்கும். கருவால் மூக்கன் நீண்ட அலகை வேர் வரை இறக்கித் துழாவும். பொறி உள்ளான் விரல்கடைத் தண்ணீரில் மேலோட்டமாகக் கொத்திக்கொண்டு போகும். கொசு உள்ளான் ஈரச் சேற்றில் தையல் இயந்திரத்தின் ஊசி மாதிரி இடைவிடாமல் குத்தும். பட்டாணி உப்புக்கொத்தி காய்ந்த பக்கத்தில் நான்கடி ஓடும், நிற்கும், குனிந்து ஒன்றை எடுக்கும், மறுபடி ஓடும். அலகின் நீளமும் காலின் உயரமும் அவரவர் பந்தி எது என்று தீர்த்துவிடுகின்றன. ஒருவர் இலையில் இன்னொருவர் கை வைப்பதில்லை.

தொழிலுக்கு வந்த நாலாவது வருஷம் என்று நினைக்கிறேன். சனவரிக் கணக்கெடுப்பில் உடையார்பாளையத்துக்கு மேற்கே ஓர் ஏரி என் பொறுப்பில் இருந்தது. காலை ஆறரைக்குக் கரையேறி, சூரியனை முதுகுக்கு விட்டு நின்று எண்ணினேன். பொறி உள்ளான் 60க்கு மேல். கொசு உள்ளான் ஒரு கூட்டம். அவற்றின் நடுவே பொறி உள்ளானைவிடப் பெரிதாக நான்கு பறவைகள். காலைப் பார்த்தேன், ஆரஞ்சு நிறம். மனதுக்குள் ஒரு மகிழ்ச்சி. 'பவளக்காலி – 4' என்று எழுதி அடுத்த மதகுக்கு நடந்துவிட்டேன். அந்த நான்கு பறவைகளுக்கு நான் கொடுத்த நேரம் ஒரு நிமிஷம்கூட இருக்காது.

அன்று இரவு தாள்களைச் சரிபார்த்த மூத்தவர் ஒருவர் போன் செய்தார்.

“பவளக்காலி நாலு எழுதியிருக்கீங்க. பறக்கும்போது இறக்கையோட பின்ஓரத்துல வெள்ளைப் பட்டை பார்த்தீங்களா?”

“பறக்கலைங்க ஐயா.”

“கத்துச்சா?”

“இல்லைங்க.”

“அலகோட அடிப்பக்கம் சிவப்பா இருந்துச்சா?”

என்னிடம் பதில் இல்லை. அவர் கோபப்படவில்லை. “காலை மட்டும் பார்த்திருக்கீங்க. ஒரு தடவை போய் முழுப் பறவையையும் பார்த்துட்டு வாங்க. அதுவரைக்கும் இதை நான் சேர்க்கலை” என்று வைத்துவிட்டார்.

பவளக்காலி கூச்சல்காரப் பறவை. ஆள் வந்தால் முதலில் குரல் கொடுத்து ஊரைக் கூட்டிக்கொண்டு பறப்பதே அதுதான். இறக்கையின் பின்விளிம்பில் அகலமான வெள்ளை, பறந்தால் அரை கிலோமீட்டருக்குத் தெரியும். உட்கார்ந்து படித்திருந்தேன், தேர்வு வைத்தால் எழுதியிருப்பேன். ஆனால் களத்தில் சிவந்த காலைப் பார்த்ததும் பெயர் வாய்க்கு வந்துவிட்டது. பெயர் வந்துவிட்டால் கண் மூடிக்கொள்கிறது. அதன் பிறகு நான் அந்தப் பறவையைப் பார்க்கவே இல்லை. என் மனதில் இருந்த பவளக்காலியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் விடிகாலை போனேன். இந்த முறை ஒரு முடிவோடு: புத்தகத்தை வீட்டிலேயே வைத்துவிட்டேன். பெயர் எழுதக் கூடாது, பார்த்ததை மட்டும் எழுத வேண்டும். சீமைக்கருவேல நிழலில் முக்காலியை ஊன்றி, அந்தப் பறவைகள் தாங்களாகவே நெருங்கி வரட்டும் என்று உட்கார்ந்தேன். முக்கால் மணி நேரத்தில் ஒன்று நாற்பது அடிக்குள் வந்துவிட்டது. அன்றைய நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் எழுதியிருப்பது இது:

'பொறி உள்ளானைவிடப் பெரிது, உடம்பு கனம். தலை உடம்புக்குப் பொருந்தாமல் சின்னதாக இருக்கிறது. கழுத்து நீளம், அடிக்கடி நிமிர்த்திப் பார்க்கிறது. வயிறு உருண்டை. அலகு தலையளவு நீளம்தான், நுனி லேசாகக் கீழே வளைகிறது. கண்ணுக்கு மேலே பளிச்சென்ற புருவக் கோடு இல்லை. முகம் வெறுமையாக இருக்கிறது. அலகின் அடியைச் சுற்றி வெளுப்பு. முதுகு இறகு ஒவ்வொன்றும் நடுவில் கறுப்பு, ஓரத்தில் வெளுப்பு, மீன் செதிள் அடுக்கியதுபோல. காற்று அடித்தால் முதுகிறகு தளர்ந்து தூக்கிக்கொள்கிறது. கால் ஆரஞ்சு. சத்தம் இல்லை.'

பவளக்காலி இல்லை என்பது அந்தப் பக்கத்தை எழுதி முடித்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த முதுகு வேறு, அந்த முகம் வேறு. ஆனால் வேறு என்ன என்று தெரியவில்லை.

இரண்டாம் நாள் குழப்பம் கூடியது. அதே இடத்தில் அதே செதிள் முதுகோடு, ஆனால் பொறி உள்ளானைவிடக் கொஞ்சமே பெரிதாக மூன்று பறவைகள். கால் ஆரஞ்சு இல்லை, பச்சை கலந்த மஞ்சள். பெரியதையும் சிறியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வாத்தும் அதன் வளர்ந்த குஞ்சும் மாதிரி இருந்தன. இரண்டு இனம் என்று தீர்மானித்து, 'அ' என்றும் 'ஆ' என்றும் தலைப்புப் போட்டு இரண்டு பக்கம் ஒதுக்கினேன்.

அந்த நேரத்தில் கரைமேல் ஒரு பெரியவர் வந்தார். அந்த ஏரியின் மடையைத் திறந்து மூடுகிறவர், எழுபதைத் தாண்டியவர். இரண்டு நாளாக ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிறானே என்று பார்க்க வந்திருக்கிறார். தொலைநோக்கியில் கண்ணை வைக்கச் சொன்னேன். வெகுநேரம் பார்த்தார்.

“உள்ளான்தான் தம்பி.”

“இதுல ரெண்டு சாதி இருக்குங்க ஐயா. பெருசு ஒண்ணு, சிறுசு ஒண்ணு.”

மறுபடியும் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து, அவசரமில்லாமல் சொன்னார்: “ரெண்டு இல்ல தம்பி. பெருசும் சிறுசும் ஒரே நடை. பாருங்க, அந்தப் புள்ளி போட்ட உள்ளான் தலையத் தலைய ஆட்டிக்கிட்டுப் பின்னாடியும் ஆட்டிக்கிட்டுப் போகுது. இதுங்க ஆட்டல. கோழி மாதிரி நிதானமா எட்டு வச்சுப் போகுதுங்க. ஒண்ணு நின்னா எல்லாம் நிக்குது. இது ஒரே கூட்டம்.”

எப்படித் தெரியும் என்று கேட்டேன். சிறுவயதில் இதே உள்வாயில் கண்ணி வைத்து உள்ளான் பிடித்திருக்கிறார். “கண்ணி வைக்கிறவனுக்கு மூஞ்சி எதுக்கு? அது எங்க நடக்கும், எப்படி நடக்கும்னு தெரிஞ்சாப் போதும்” என்றார். 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்ததையும், பிறகு எல்லோரும் விட்டுவிட்டதையும் அவரே சொன்னார். வேட்டை அவரை விட்டுப் போய்விட்டது. அந்தக் கண் போகவில்லை.

அவர் போன பிறகு நான் இறகையும் காலையும் விட்டுவிட்டு நடையை மட்டும் பார்த்தேன். அவர் சொன்னது அப்படியே சரி. பொறி உள்ளான் பதற்றத்தோடு அடிக்கொருதரம் உடம்பை முன்னும் பின்னும் குலுக்கியது. இந்த ஏழும் குலுக்கவே இல்லை. ஒரே மாதிரி கழுத்தைத் தூக்கின, ஒரே மாதிரி வயிற்றைத் தாழ்த்தி நடந்தன. இரண்டு பக்கங்களுக்கும் நடுவே கோடு கிழித்து ஒன்றாக்கினேன்.

மூன்றாம் நாள் ஒரு பருந்து தாழப் பறந்தது. ஏரியே எழும்பியது. நான் காத்திருந்த நொடி அதுதான். ஏழும் சேர்ந்து எழுந்தன. குரல் எதுவும் இல்லை. இறக்கையில் மெல்லிய ஒரு வெள்ளைக் கோடு, பின்விளிம்பு வெறுமை. மற்ற உள்ளான்கள் படபடவென்று அடித்துக்கொண்டு போக, இவை சோம்பலாக நாலு அடி அடித்து, கொஞ்சம் மிதந்து, மறுபடி அடித்தன. திரும்பும்போது முதுகு என் பக்கம் சாய்ந்தது. வாலின் அடியில் நடுவே கறுத்த கோடு, அதன் இரு பக்கமும் முட்டை வடிவில் இரண்டு வெள்ளைத் திட்டுகள். பெரியதிலும் அதே இரண்டு திட்டு, சிறியதிலும் அதே இரண்டு திட்டு.

வீட்டுக்கு வந்துதான் புத்தகத்தைத் திறந்தேன். பக்கம் தேடவே வேண்டியிருக்கவில்லை. நான் எழுதியதைப் பார்த்து யாரோ வரைந்ததுபோல இருந்தது படம். பேதை உள்ளான். ஆண் 30 செ.மீ. அளவு, பெண் அதைவிட ஐந்தாறு செ.மீ. சிறியது. கால் நிறம் வயதுக்குத் தக்கபடி பச்சையிலிருந்து ஆரஞ்சு வரை மாறும். நான் இரண்டு இனமாகப் பிரித்தது ஓர் இனத்தின் ஆணையும் பெண்ணையும்.

பிறகு அந்தப் பறவையைப் பற்றிப் படிக்கப் படிக்க மரியாதை கூடியது. ஸ்காண்டிநேவியாவிலிருந்து சைபீரியா வரை வடக்கின் ஈரநிலங்களில் அது குஞ்சு பொரிக்கிறது. இனப்பெருக்க காலத்தில் ஆணுக்குக் கழுத்தைச் சுற்றிக் குஞ்சமாக இறகு வளரும். கறுப்பு, வெள்ளை, செம்பழுப்பு என்று ஆளுக்கொரு நிறம். ஒரு திடலில் கூடி ஆண்கள் ஆடும், மோதும். பெண்கள் பார்த்துத் தேர்ந்தெடுக்கும். கூடு கட்டுவதும் குஞ்சு வளர்ப்பதும் பெண் மட்டும்தான். ஆண்களிலேயே மூன்று வகை. கறுத்த கழுத்திறகோடு திடலில் இடம் பிடித்துச் சண்டை போடுவது ஒன்று. பெரும்பாலும் வெளிறிய கழுத்திறகோடு அடுத்தவர் இடத்தில் ஒட்டிக்கொள்வது ஒன்று. கழுத்திறகே இல்லாமல், பார்க்கப் பெண்ணைப்போலவே வளர்வது மூன்றாவது. அதை 2006இல்தான் விஞ்ஞானிகள் விவரித்து எழுதினார்கள். பல லட்சம் ஆண்டுகளுக்கு முன் குரோமோசோமில் ஒரு துண்டு தலைகீழாகத் திரும்பியதுதான் இந்த வேறுபாடுகளுக்குக் காரணம் என்று 2015இல் மரபணு ஆய்வு காட்டியது. ஆக, அளவை மட்டும் வைத்து அது ஆணா பெண்ணா என்றுகூட உறுதியாகச் சொல்லிவிட முடியாது. அந்த ஆட்டமும் அந்த அலங்காரமும் நமக்குக் காணக் கிடைக்காது. நம் ஊருக்கு வரும்போது எல்லாம் உதிர்ந்து, மண் நிறத்தில், வாய் திறக்காமல் வந்து சேற்றில் நடக்கும்.

இன்னொன்றும் படித்தேன். லின்னேயஸ் 1758இல் இந்தப் பறவைக்கு அறிவியல் பெயர் வைத்தபோது பொறி உள்ளான்களின் பேரினத்தில் சேர்த்தார். பிறகு அதைத் தனியாகப் பிரித்து அதற்கென்றே ஒரு பேரினம் கொடுத்தார்கள். இப்போது மரபணுவைப் பார்த்து, கொசு உள்ளானின் பேரினத்தில் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். பெயர் மூன்று இடம் மாறிவிட்டது. வாலடியில் இருக்கும் இரண்டு வெள்ளைத் திட்டு 1758இல் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது. கண்டதை எழுதி வைத்தவன் குறிப்பு எந்தக் காலத்துக்கும் செல்லும். பெயரை மட்டும் எழுதி வைத்தவன் குறிப்பை, பெயர் தவறென்றால் மொத்தமாக அழிக்க வேண்டியதுதான்.

அதிலிருந்து எனக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் நடை, மேயும் விதம். அடுத்து உருவம்: பக்கத்தில் நிற்கும் தெரிந்த பறவையைவிடப் பெரிதா சிறிதா, அலகு தலையைவிட நீளமா குட்டையா. பிறகு முகம், புருவக் கோடு கண்ணோடு நிற்கிறதா, பின்னாலும் போகிறதா. பொறி உள்ளானையும் அதன் கறுத்த உறவுக்காரனையும் பிரிப்பது இந்தக் கோடுதான்; பொறி உள்ளானுக்குக் கோடு கண்ணைத் தாண்டிப் போகும், மற்றதற்குக் கண்ணுக்கு முன்னாலேயே நின்றுவிடும். பறந்தால் இறக்கை, பின்புறம், குரல். கால் நிறம் கடைசி. சேறு அப்பிய கால் பொய் சொல்லும். சாய்ந்த வெயிலில் பச்சையும் மஞ்சளாகும். காலை ஒன்பது மணிக்கு மேல் கானல் ஆடத் தொடங்கிவிட்டால் தூரத்துப் பறவைக்கு நான் பெயர் எழுதுவதே இல்லை.

கணக்கெடுப்புக்கு வரும் இளைஞர்களை இப்போது கரைவெட்டிக்கு அழைத்துப் போகிறேன். காவிரித் தண்ணீர் புள்ளம்பாடி வாய்க்கால் வழியாக வந்து நிரப்பும் பெரிய ஏரி அது. 1999 முதல் சரணாலயம், 2024 தொடக்கத்தில் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. இமயம் தாண்டி வரும் பட்டைத்தலை வாத்தைப் பார்க்கத்தான் எல்லோருக்கும் ஆசை. நான் அவர்களைச் சேற்றோரம் உட்கார வைத்து ஓர் உள்ளானைக் கொடுத்து, அரை மணி நேரம் பெயர் சொல்லாமல் எழுதச் சொல்வேன். போன முறை ஒரு மாணவி தயங்கிக்கொண்டே கேட்டாள்: “அண்ணா, கடைசி வரைக்கும் தெரியலைன்னா தெரியலைன்னே எழுதலாமா?”

எழுதத்தான் வேண்டும். நாம் எண்ணி எழுதுவது வெறும் தாள் இல்லை. ஓர் ஏரிக்கு எந்தப் பறவை வந்தது, எத்தனை வந்தது, முன்பு எத்தனை வந்தது என்பதுதான் அந்த ஏரிக்கான சாட்சி. காட்டாமணக்கும் சீமைக்கருவேலமும் உள்வாயை மூடும்போது, கரையோரம் மனைக்கல் முளைக்கும்போது, அந்த ஏரிக்காகப் பேச அந்தக் கணக்கு மட்டும்தான் இருக்கும். உலகம் முழுக்கக் கரைப்பறவைகள் குறைந்து வருகின்றன. கோடியக்கரைக்குக் கூட்டம் கூட்டமாக வரும் வளைமூக்கு உள்ளானையே 2024இல் அழிவுக்கு ஆளாகக்கூடிய பறவைகளின் பட்டியலுக்கு மாற்றிவிட்டார்கள். அப்படிப்பட்ட முடிவுகள் எங்கோ ஒரு கரையில் ஒருவர் பனியில் உட்கார்ந்து எழுதிய எண்களின் மேல்தான் நிற்கின்றன. அதில் நான் வராத பவளக்காலி நான்கைச் சேர்த்திருந்தால், வந்த பேதை உள்ளான் நான்கை இல்லாமல் ஆக்கியிருப்பேன்.

அந்த மாணவிக்கு என் நோட்டில் ஒரு பக்கத்தைக் காட்டினேன். சில ஆண்டுகளுக்கு முன், பங்குனி மாதத்து மாலை, அதே மேற்கு ஏரி. கொசு உள்ளான் அளவில் ஒரே ஒரு பறவை. கழுத்தை நிமிர்த்தி நின்றது, மஞ்சள் கால், மார்பில் மெல்லிய கீற்றுகள், புல் ஓரத்தில் தனியாக மேய்ந்தது. பறந்ததைப் பார்க்கவில்லை; ஓர் ஆடு குறுக்கே வந்து, ஆடு போனபோது பறவை இல்லை. அடுத்த இரண்டு வாரம் தினமும் போனேன், வரவில்லை. எனக்குள் ஒரு பெயர் இருக்கிறது. அந்தப் பெயர் சரியாக இருந்தால் எங்கள் பகுதிக்கு அது பெரிய செய்தி. ஆனால் அந்தப் பக்கத்தில் நடை இருக்கிறது, அலகு இருக்கிறது, கால் விரல் நீளமா என்று பார்க்க முடியாமல் போனதும் எழுதப்பட்டிருக்கிறது. பெயருக்கான இடத்தில் 'கொசு உள்ளான் வகை, இனம் தெரியவில்லை – 1' என்று மட்டும் இருக்கிறது.

இந்தப் பங்குனியிலும் போவேன். மடைக்காரப் பெரியவர் இப்போது இல்லை. அவர் காட்டிய மாதிரி, முதலில் நடையைப் பார்ப்பேன்.